பின்பனியில் ஒரு மலைப்பயணம்



பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதாகப் பலரும் எண்ணுவர். அதைத் திட்டமிட அமரும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. எந்தப் பருவத்தில் செல்வது, எவ்வழியாகச் செல்வது, எவற்றை எடுத்துச் செல்வது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தேடுகின்ற மாணவன், தான் அறியாமலே நிலநூலும் இயற்பியலும் தாவரநூலும் பயின்றுவிடுகிறான். இதற்குச் சான்றாகக் கோயம்புத்தூர் நகரையும் அதன் வடக்கே நிற்கும் நீலகிரி மலையையும் கொண்டு, மூன்று நாள் பயணம் ஒன்றை இன்று உங்களுடன் வகுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பருவம். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். பின்பனி கழிந்துவரும் மார்ச்சு மாத இறுதியே நாம் தேர்ந்துகொள்ளும் காலம். கோடை விடுமுறைக் கூட்டம் அப்போது மலைமேல் ஏறியிராது. சாலைகளில் நெரிசல் குறைவு. தங்கும் இடமும் எளிதில் கிடைக்கும்.

அடுத்து, எவ்வகை ஆடைகளை எடுத்துச் செல்வது? இதற்கு விடை கூற ஒரு சிறு கணக்கே போதும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயர உயர, வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கோவை நகர் ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடைப்பட்ட உயரம் 1,800 மீட்டருக்குச் சற்று மிகுதி. அப்படியாயின் வெப்ப வேறுபாடு ஏறத்தாழ 12 பாகை. மார்ச்சு மாதத்துப் பகலில் கோவையில் 35 பாகையை ஒட்டிய வெப்பமும், உதகையில் 22 பாகையை ஒட்டிய வெப்பமும் நிலவுவதைக் காணும்போது நம் கணக்கு பொய்க்கவில்லை என்பது விளங்கும். இரவில் உதகையில் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆகவே, கோவை வெயிலைக் கண்டு கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுச் செல்பவர் மாலையில் நடுங்க நேரும்.

முதல் நாளைக் கோவைக்கு ஒதுக்குவோம். 1902-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகம் அங்கே உண்டு. மலையில் காணவிருக்கும் மரங்களையும் விலங்குகளையும் அறிமுகம் செய்துகொள்ள அதனைவிடத் தக்க இடம் வேறில்லை. அது திறந்திருக்கும் நாளை முன்னரே விசாரித்து வைத்தல் நன்று.

இரண்டாம் நாள் விடியலில் மேட்டுப்பாளையம் சென்று மலை இரயிலில் ஏறுவோம். பேருந்து விரைவில் சென்றுவிடும். ஆயினும் மாணவர்க்கு இரயிலே சிறந்த ஆசான். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட 46 கிலோமீட்டர்ப் பாதை இது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றமும் உண்டு. வெறுஞ்சக்கரங்கள் அங்கே வழுக்கும். ஆதலால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வைத்த இரும்புச் சட்டத்தைப் பதித்திருக்கின்றனர். இஞ்சினிலுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்விக்கவ்வி ஏறும். இஞ்சின் பின்னே நின்று பெட்டிகளைத் தள்ளும். 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இடங்கள் சிலவே ஆதலின் சீட்டினைப் பல நாட்களுக்கு முன்பே பதிவு செய்தல் வேண்டும். தனி ஊர்தியில் செல்வோர்க்கு இ-பாஸ் முறை 2024 மே மாதத்தில் ஏற்பட்டது. அதுபற்றிய நடப்பு விதியைப் புறப்படுமுன் அறிந்துகொள்க.

மூன்றாம் நாள் மலைக்கு உரியது. 1848-இல் தோன்றிய அரசினர் தாவரவியல் பூங்காவில் அப்போது மலர்கள் நிறைந்திரா. மே மாத மலர்க்காட்சிக்கான ஆயத்தங்களே நடக்கும். அதற்காக வருந்த வேண்டா. தொட்டபெட்டாவை ஒட்டிய உயர்ந்த சரிவுகளில் செந்நிறம் காட்டும் காட்டுப்பூவரசு மரத்தைத் தேடுங்கள். ரோடோடென்டிரான் என்று தாவரநூலார் கூறும் இதன் நெருங்கிய உறவினம் இமயமலையில் உண்டு. இடையிலுள்ள சமவெளிகளில் அது வளர்வதில்லை. பண்டைக் குளிர்யுகத்தில் தெற்கு நோக்கிப் பரவிய மரம், நிலம் வெப்பமுற்றபோது மலையுச்சியில் அடைக்கலம் புகுந்ததென அறிஞர் கருதுவர்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த வேண்டிய செய்திக்கு வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் உறைபனி மலைப்புல்லைக் கருக்கிவிடும். கோடைமழை வரும் வரையில் அப்புல் உலர்ந்தே கிடக்கும். ஆகவே நாம் செல்லும் இனிய பருவமே காட்டுத்தீயின் பருவமும் ஆகும். தீ கீழ்நோக்கிச் செல்வதினும் மேல்நோக்கி விரைந்து ஏறும். கீழுள்ள சுடர் மேலுள்ள புல்லை முன்னரே சூடேற்றி விடுவதே காரணம். ஏறி ஓடித் தப்பலாம் என்பது வீண். நீலகிரிக்குத் தெற்கே, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11-ஆம் நாள் இத்தகைய தீ சூழ்ந்துகொண்டது. மலையேற்றத்துக்குச் சென்றவர்களுள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் இளைஞர். இதனை நினைவிற்கொண்டால், தீக்காலத்தில் வனத்துறை ஒரு பாதையை மூடுவதை நம் மகிழ்ச்சிக்கு இட்ட தடையென்று கருதமாட்டோம்.

இதில் நம் உயிர் மட்டும் அடங்கவில்லை. புல்வெளியும் சோலைக்காடும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. அந்நீர் பவானி ஆற்றில் சேர்கிறது. பவானியின் மேலுள்ள பில்லூர் அணையின் நீர் கோவை மக்களின் குடிநீரில் ஒரு பகுதியாகிறது. முதல்நாள் நகரில் நாம் அருந்திய நீர் அந்த மலையின் கொடையாகவும் இருக்கலாம். அம்மலையில் எறியப்படும் ஒரு தீக்குச்சி, நகரத்துக் குழாயையும் சுடும்.

ஆகவே உங்கள் திட்டத்தாளில் இறுதியாக மூன்று வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்: இசைவில்லாத பாதையில் கால் வையோம், காட்டில் தீ மூட்டோம், கொண்டுசென்ற பொருள் ஒன்றையும் அங்கே விட்டுவாரோம். இவற்றை எழுதி முடித்த பின்னர்ப் பெட்டியைக் கட்டலாம். பயணம் இனிதாகுக!