மெழுகுவர்த்தியில் திரி செய்யும் வேலை
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கரண்ட் போனால் இப்போது ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆனாலும் மெழுகுவர்த்தி நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. பிறந்தநாள் கேக்கில் நிற்கிறது. வாசனைக்காகக் கண்ணாடிக் குவளையிலும் எரிகிறது. அதன் கதையில் நமக்கு உதவும் விஷயங்கள் சில இருக்கின்றன.

200 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் சாதாரண வீடுகளில் எரிந்தவை மாட்டுக்கொழுப்பிலும் ஆட்டுக்கொழுப்பிலும் செய்த வத்திகள். புகையும் நாற்றமும் அதிகம். தேன்மெழுகு வத்தி சுத்தமாக எரியும். ஆனால் விலை அதிகம். இங்கிலாந்தில் 1831 வரை மெழுகுவர்த்திக்கு வரியும் இருந்தது.

திரி இன்னொரு தொல்லை. முறுக்கிய பருத்தித் திரி முழுதாக எரியாமல் கருகி நீளும். கத்தரிக்கோல் போன்ற ஒரு கருவியால் அடிக்கடி நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

1820-களில் பிரான்சில் இரண்டு மாற்றங்கள் வந்தன. கொழுப்பிலிருந்து கிளிசரினைப் பிரித்து, ஸ்டியரின் என்ற கெட்டியான பொருளில் வத்தி செய்ய செவ்ரோல் வழி கண்டார். கே-லுசாக்குடன் சேர்ந்து 1825-இல் காப்புரிமையும் பெற்றார். அதே காலத்தில் கம்பாசெரே திரியைப் பின்னல்போல் பின்னினார். பின்னிய திரி எரியும்போது வளையும். அதன் நுனி சுடருக்கு வெளியே வந்து தானே சாம்பலாகிவிடும். நறுக்கும் வேலை ஒழிந்தது. 1834-இல் ஜோசப் மார்கனின் அச்சு இயந்திரமும், பிறகு பாரஃபின் மெழுகும் வத்தியை மலிவாக்கின.

1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் இளைஞர்களுக்கு மெழுகுவர்த்தி பற்றி ஆறு உரைகள் நிகழ்த்தினார். அணைத்தவுடன் எழும் வெண்புகை அருகே நெருப்பைக் காட்டினால், அது புகை வழியே இறங்கித் திரியை மீண்டும் பற்றவைக்கும். உருகிய மெழுகு திரியில் ஏறி, ஆவியாகி எரிகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

திரி நீளமானால் மெழுகு அதிகம் ஏறும். சுடர் பெரிதாகும், கரி படியும். அதனால் குவளை மெழுகுவர்த்தியை ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் திரியைச் சுமார் 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள்.

குவளையில் மெழுகே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அடியில் போய் நொடியில் கொதித்து, எரியும் மெழுகை வெளியே வீசும். உலோக மூடியால் மூடுங்கள். ஆறும்வரை திறக்க வேண்டாம்.

திரைச்சீலை அருகே ஏற்ற வேண்டாம். எரியவிட்டுத் தூங்கவோ வெளியே போகவோ வேண்டாம். படிக்கட்டில் ஏற்றவே வேண்டாம்; ஆபத்து என்றால் எல்லா மாடிக்காரர்களும் இறங்க இருப்பது அந்த ஒரு வழிதான்.