இமைப்பும் கண் வறட்சியும்



நளனின் உருவைத் தாங்கி வந்த நான்கு தேவர்களிடையே மெய்யான நளனைத் தமயந்தி கண்டுகொண்ட அடையாளங்களுள் இமைப்பும் ஒன்று எனப் புகழேந்தியின் நளவெண்பா சொல்லும். தேவர் கண் இமையாது. இமையவர், இமையோர் என்னும் பெயர்கள் அவர்க்கு அமைந்தது அதனால்தான். மானிடர் கண்ணோ இமைத்தே தீர வேண்டும். அதன் காரணத்தையும், இமைப்புக் குறையும்போது தலையெடுக்கும் கண் வறட்சி நோயையும் பற்றியதே இவ்வுரை. நூலோடும் எழுத்தோடும் வாழ்வோரைத் தேடி வரும் நோய் ஆகையால், இலக்கிய அவையில் இதைப் பேசுவது பொருந்தாதது ஆகாது.

கண்ணீர் என்றவுடன் கவிஞர் உள்ளம் துயரத்தை நாடும். துயரத்தில் பெருகுவது ஒரு வகைக் கண்ணீர். புகையும் வெங்காயமும் வரவழைப்பது மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் அப்பால், அழாத கண்ணிலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஊறிக்கொண்டிருக்கும் மூன்றாவது ஒன்று உண்டு. யாரும் பாடாத கண்ணீர் அது. ஆயினும் பார்வை தெளிவாக நிலைபெறுவது அதனால்தான். கருவிழியின் மேல் அது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள படலமாகப் பரவியிருக்கிறது. அடியில் கண்ணின் பரப்போடு அதை ஒட்டவைக்கும் சளிப்பொருள். அதனோடு கலந்து நிற்கும், உப்பும் புரதமும் கொண்ட நீர். எல்லாவற்றிற்கும் மேலாக, நீர் ஆவியாகிவிடாமல் காக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கருவிழிக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே காற்றிலுள்ள உயிர்வளியை அது இப்படலத்தின் வழியாகவே பெற்றுக்கொள்கிறது. ஒவ்வோர் இமைப்பும் இப்படலத்தைப் புதிதாக விரிக்கிறது.

1993இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ட்சுபோட்டாவும் அவருடன் பணியாற்றிய நகமோரியும் இமைப்பை எண்ணிப் பார்த்து ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். வேலையின்றி அமைதியாக இருக்கையில் சராசரியாக நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், கணினித் திரையை நோக்குகையில் 7 முறையும் மட்டுமே இமைத்தனர். கவனம் கூடக்கூட இமைப்புக் குறைகிறது. புத்தகம் படிப்பவர் பார்வை தாழ்ந்திருப்பதால் இமை பாதி மூடிக் கண்ணைக் காக்கும்; நிமிர்ந்து பார்க்கும் திரை அக்காவலையும் நீக்கிவிடுகிறது.

எழுத்தின் ஒலிக்கு அளவுகோல் தேடியபோது தொல்காப்பியரும் நன்னூலாரும் கண்ணிமைப்பையே எடுத்துக்கொண்டனர் என்பதை இவ்வவை அறியும். மாந்தர் இயல்பாக ஒருமுறை இமைக்கும் காலம் ஒரு மாத்திரை. மாத்திரை எண்ணி யாப்பு அமைப்பவரிடமிருந்தே அந்த இயல்பான இமைப்பை ஏடும் திரையும் பறித்துக்கொள்கின்றன என்பது சற்றே வேடிக்கையான முரண்தான்.

ஆனால் நோய் வேடிக்கையானது அன்று. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். அறுபதைக் கடந்தவர், மலர் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்துகிறார். நான்கு பக்கம் போவதற்குள் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, எரிகிறது. எழுத்துகள் மங்குகின்றன. வெளியே காற்றுப் பட்டால் கண்ணீர் வழிகிறது. நீர் இவ்வளவு வழியும் கண்ணை வறண்ட கண் என்றால் அவர் நம்ப மாட்டார். புரை முற்றிவிட்டது என்றோ, வயது வந்துவிட்டது என்றோ எண்ணிக்கொண்டு படிப்பையே மெல்லக் கைவிடுகிறார். நாற்பதாண்டு வாசிப்பு அதோடு நின்றுபோகிறது. இந்நோயின் பெரிய இழப்பு இதுவே.

வழியும் நீருக்கு விளக்கம் எளிது. படலம் ஆங்காங்கே கிழிந்து கருவிழி காற்றில் வெளிப்படும்போது, அங்குள்ள நரம்புகள் கூவி அழைக்கின்றன. கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெயும் சளிப்பொருளும் உரிய அளவில் இல்லை. நிலைத்து நில்லாமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது. கோடை மழை காய்ந்த கட்டாந்தரையில் ஓடி மறைவதைப் போன்றது அது. 2017இல் பன்னாட்டு அறிஞர் குழு வெளியிட்ட வரையறையும் நீரின் குறைவை மட்டும் சொல்லவில்லை. படலம் தன் சமநிலையை இழப்பதையே நோயின் மையமாகக் கொண்டது. புரையிலிருந்து இதைப் பிரித்தறிய ஓர் எளிய குறிப்பு உண்டு. நன்றாக இமைத்ததும் தெளிந்து, சில நொடிகளில் மீண்டும் மங்கினால் அது பெரும்பாலும் வறட்சி. புரையின் மங்கல் இமைப்பால் மாறுவதில்லை. இரண்டும் ஒருவர்க்கே இருக்கவும் கூடும் என்பதால் மருத்துவர் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

நோயாளிகளுள் பெரும்பகுதியினர்க்குக் குறை நீரில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. இமை விளிம்பில், மயிர்க்கால்களுக்குப் பின்னே, வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளை 1666இல் விரித்துரைத்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. எண்ணெய் உறைந்து துளை அடைபட்டால், நீர் எவ்வளவு ஊறினும் விரைவில் ஆவியாகிவிடும். இமையின் உள்விளிம்பு வரை மை தீட்டுவதும் இத்துளைகளை அடைக்கும். மைவிழியைப் பாடும் கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

நீரே சுரக்காத வகை குறைவு, ஆனால் கடுமையானது. 1933இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர்க்கு மூட்டு நோயும் இருந்தது. கண், வாய், மூட்டு ஆகியவற்றின் துன்பங்கள் ஒரே நோயின் முகங்கள் என்று அவர் கண்டார். உடலின் காப்பாற்றல் தன் சுரப்பிகளையே பகையெனக் கருதித் தாக்கும் நோய் அது. ஆய்வேட்டைத் தேர்வாளர் உயர்வாக மதிக்கவில்லை. 1943இல் ஆஸ்திரேலியாவில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகே உலகம் அதைப் பரவலாகக் கவனித்தது. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பை அறிந்த இவ்வவைக்கு அச்செய்தி உவப்பளிக்கும். இன்றும் கண்ணோடு வாயும் வறண்டு, உண்ணும்போது தண்ணீர் இன்றி விழுங்க முடியாதவர்கள், மூட்டுவலியும் உடையவர்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுதல் கூடாது. இரத்தப் பரிசோதனை அவர்க்கு இன்றியமையாதது.

நோயை அளக்கும் முறைகள் எளியவை. 1903இல் ஷிர்மர் வகுத்தபடி, ஒரு சிறு வடிதாளைக் கீழிமையில் மடித்து வைத்து ஐந்து நிமிடம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று பார்ப்பர். ஐந்துக்கும் குறைந்தால் நீர்ச் சுரப்பு மிகக் குறைவு. மஞ்சள் சாயமிட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என்று எண்ணுவது மற்றொன்று. பத்து நொடிக்குள் கிழிந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. ஒவ்வாமைக்கு உண்ணும் மருந்துகளும், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும் வறட்சியைக் கூட்டும். ஆகவே உண்ணும் மருந்து யாவற்றையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

கண் வறட்சி என்னும் சொல் தமிழகத்தில் முன்பு பெரிதும் குழந்தைகளையே நினைவூட்டியது. வைட்டமின் ஏ குறைவால் வந்து கண்ணைக் குருடாக்கிய வேறொரு நோய் அது. மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்புப் பாதிக்கும் மேல் குறைந்தது. அந்த வறட்சிக்குக் கீரையும் பப்பாளியும் காப்பாகும். முதியோரின் வறட்சிக்கு அவற்றை மருந்தெனச் சொல்வது பிழை.

பிழையான வைத்தியங்கள் வேறும் உள. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பூச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அவற்றோடு செல்லும் கிருமி கருவிழியில் புண் உண்டாக்கிப் பார்வையையே கொண்டுபோகலாம். அதனினும் தீயது, மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அன்றைக்குச் சிவப்பு மறையும், தொடர்ந்து இட்டால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு ஓசையின்றி அழியும், புரையும் விரையும். மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் இடுவது வேறு.

முறையான மருத்துவம் பொறுமையை வேண்டுவது. செயற்கைக் கண்ணீர் முதற்படி. நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுவோர், கெடாமைப் பொருள் சேர்க்காத வகையைக் கேட்டுப் பெறுதல் நலம். அப்பொருளே கண்ணின் பரப்பை அரிக்கும். எண்ணெய் உறைந்த இமைக்குச் சூடே மருந்து. கை பொறுக்கும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமை மேல் பத்து நிமிடம் ஒற்றி, ஆறும்போதெல்லாம் மாற்றி, பின்னர் விளிம்பை நோக்கி மெல்ல வருடி, இமையைத் தூய்மை செய்தல் வேண்டும். ஒரு நாள் செய்து விடுவதால் பயனில்லை. பல் துலக்குவதுபோல் வழக்கமாக வேண்டும். அழற்சி மிகுந்தோர்க்குச் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து உண்டு; அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் பெற்றது. அது பலன் தர மாதங்கள் ஆகும்; முதலில் எரியும்; பலர் அதற்குள் நிறுத்திவிடுகின்றனர். நீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடுவதும், நோயாளியின் குருதியிலிருந்தே எடுத்த நிணநீரைச் சொட்டாக இடுவதும் கடுமையான நிலைக்கு உரியவை. மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பெரும் புகழ் இருந்தது. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 535 பேரிடையே அது ஆலிவ் எண்ணெயை விட மேலான பயன் தரவில்லை.

அந்தத் தமிழாசிரியைக்குச் செய்ய வேண்டியவை இவற்றிலிருந்தே தொடங்குகின்றன. நாற்காலி மின்விசிறியின் நேர்க்கீழிருந்து நகர வேண்டும். திரையில் படித்தால் அது கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆழ்ந்து படிப்போர் பலர் பாதியளவே இமைக்கின்றனர். மேலிமை கீழிமையைத் தொடுவதில்லை. ஆகவே பக்கம் முடியும்தோறும் நூலிலிருந்து பார்வையை எடுத்து, இரு இமைகளும் முழுதும் பொருந்த மூடி, ஓர் உயிரளபெடையை ஓசை குறையாமல் இசைக்கும் நேரம் நிறுத்தி, மெல்லத் திறந்து அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும்.