ராட்சதப் பறவையும் ஓட்டு வீட்டுக் குருவியும்



2018 நவம்பர் 29-ஆம் தேதி இயக்குநர் ஷங்கரின் '2.0' படம் வெளியானது. 2017 தீபாவளிக்கே வருகிறது என்றார்கள். கிராஃபிக்ஸ் வேலை முடியாமல் தள்ளித் தள்ளி, ஒருவழியாகக் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று தயாரிப்புத் தரப்பே சொல்லியது. சென்னையில் அதிகாலைக் காட்சி, பாலபிஷேகம், எல்லாம் உண்டு.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு அது வேறு மாதிரியான நவம்பர். அந்த மாதம் 16-ஆம் தேதி விடிவதற்கு முன்பே கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று போன இடமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன் கோபுரங்களும் தப்பவில்லை. அந்த நேரத்தில்தான், ஊரிலுள்ள செல்போன்கள் எல்லாம் பறந்து போய்விடுகிற கதையோடு ஒரு படம் வருகிறது!

படத்தைப் பற்றி எழுதியவர்கள் அன்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். தொழில்நுட்பம் அபாரம், கதை மெலிவு. அது ஒன்றும் தவறான தீர்ப்பு இல்லை. நிரவ் ஷாவின் ஒளிப்பதிவு, ரசூல் பூக்குட்டியின் ஒலி, சீனிவாஸ் மோகன் மேற்பார்த்த காட்சி வித்தைகள், எதிலும் குறை சொல்ல முடியாது. பின்னால் மாற்றிக்கொள்ளாமல், எடுக்கும்போதே 3டி கேமராவில் எடுத்த படம். நம் ஊர்ப் பக்கம் 3டி இல்லாத கொட்டகையில் பார்த்தவர்களுக்கு அந்த ஆழம் கிடைத்திருக்காது. காசு போட்ட இடமே அவர்கள் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இன்னொரு குறையும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: நீளம், இழுவை, சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

இந்த நீளம் என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

'2.0' சுமார் இரண்டரை மணி நேரம். அதன் முதல் பாகமாக 2010-இல் வந்த 'எந்திரன்' அதைவிட நீளம். அதை யாரும் இழுவை என்று பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அதிலும் கடைசி அரை மணி நேரம் இயந்திரக் கூத்துதான். நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகி, பாம்பாகி, வானளாவிய மனிதனாகி நின்றார்கள். அங்கே நமக்குச் சலிக்கவில்லையே, ஏன்? அந்த உருவம் வருவதற்கு முன்னால் ஒரு ரோபோவுக்குக் காதல் வந்திருந்தது. அதை ஏற்றுக்கொள்ளாமல் விரட்டினார்கள், குப்பைமேட்டில் எறிந்தார்கள். அதன் கோபம் நமக்குத் தெரியும். படத்தின் முடிவில் சிட்டி தன் கையாலேயே தன்னைக் கழற்றி வைக்கிறானே, அந்தக் காட்சியில் எந்தப் பிரம்மாண்டமும் கிடையாது. பலருக்கு நினைவில் நிற்பது அதுதான். வசனத்தில் ஸ்ரீரங்கத்துக்காரர் சுஜாதாவின் குறும்பும் இருந்தது. படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2008-இல், அவர் காலமாகிவிட்டார்.

அதே சுஜாதா ரோபோ கதைக்கு இரண்டாம் பாகமும் எழுதியவர். 'என் இனிய இயந்திரா', அப்புறம் 'மீண்டும் ஜீனோ'. ஜீனோ ஒரு குட்டி இயந்திர நாய். வளர்ந்து வளர்ந்து கட்டடத்தை இடிக்கவில்லை. நிறையப் படித்தது, நக்கலாகப் பேசியது. அடுத்த பாகம் என்றால் இயந்திரத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நீளத்தைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கும். பிரகலாத சரித்திரம் இரவு தொடங்கினால் நரசிம்மர் தூணிலிருந்து வெளிப்பட விடியல் ஆகிவிடும். சிங்க முகம் பூண்டு வருகிற அந்த உருவம்தான் அந்த மேடையின் பெரிய வித்தை. ஆனால் அதற்கு முன்னால் இரவு முழுக்க அப்பனுக்கும் பிள்ளைக்கும் வழக்கு நடந்திருக்கும். 'எங்கே உன் ஹரி?' என்ற கேள்வி ஏறி ஏறித் தூணருகே வந்து நிற்கும்போது, கூட்டம் தூக்கம் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பாட்டு தெலுங்கில். பார்ப்பவர்களில் பலருக்குத் தெலுங்கு தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

'2.0' இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. ஒரு முதியவர் செல்போன் கோபுரத்தில் ஏறித் தூக்கில் தொங்குகிறார். அவர் யார், ஏன் என்று சொல்லாமலே போன்கள் பறக்கின்றன, ராட்சதப் பறவை வருகிறது, சாலை பிளக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். இடைவேளைக்குப் பிறகுதான் பட்சிராஜன் என்ற பறவை ஆய்வாளரின் கதை வருகிறது. அக்‌ஷய் குமார் கிழவர் வேடத்தில், ஒரு குருவியைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறார். நா. முத்துக்குமார் எழுதிய 'புள்ளினங்காள்' பாட்டு அந்தப் பகுதிக்குத் துணை நிற்கிறது. பாட்டு ஊருக்குக் கேட்டபோது அவர் இல்லை, 2016-லேயே போய்விட்டார். படத்தைக் கடுமையாகச் சாடியவர்கள்கூட இந்தப் பகுதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குள் தூண் பிளந்து, நரசிம்மர் வந்து போய்விட்டாரே! அப்புறம் பிரகலாதன் என்ன சொன்னாலும் யார் காதில் ஏறும்? விளையாட்டரங்கத்துக் கடைசிச் சண்டையில் இரண்டு ராட்சதர்கள் மோதுகிறார்கள். யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று தோன்றிவிடுகிறது. நீளம் என்று நமக்குத் தோன்றுவது அந்த இடத்தில்தான்.

உலகம் முழுக்க இதே வியாதி உண்டு. 2009-இல் மைக்கேல் பே எடுத்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' இரண்டாம் பாகமும் இரண்டரை மணி நேரம்தான். ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு நடுவில், திரைக்கதை சரியாக உருவாகாமலே வேலை தொடங்கியது. ரோஜர் ஈபர்ட் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். வசூல் 83 கோடி டாலர். விமர்சகர் ஒரு பக்கம், கல்லாப்பெட்டி ஒரு பக்கம்.

'2.0'-இன் பட்சிராஜன் பாத்திரத்தைப் பார்த்ததும் பறவையியலாளர் சலீம் அலி ஞாபகம் பலருக்கும் வந்தது. நமக்கு அவர் அந்நியர் இல்லை. கோடியக்கரைக்கு வந்து பறவைகளை ஆராய்ந்தவர் அவர். அவர் சார்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே ஆண்டுக்கணக்கில் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கணக்கெடுத்தது. அந்தக் கோடியக்கரைக் காட்டைத்தான் கஜா புரட்டிப் போட்டது. மானும் குதிரையும் பறவையும் செத்து ஒதுங்கின.

படம் என்ன சொல்கிறது? குருவியைக் கொன்றது செல்போன் கோபுரம். சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறது. படம் வெளிவரும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. வியாபாரிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கோபுரக் கதிர்வீச்சு குருவியை அழித்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது என்பதுதான் பறவை ஆய்வாளர்களின் நிலையும். 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது.

கோபுரம் வராத காலத்திலிருந்து இந்த ஊரைப் பார்த்தவர்களுக்கு வேறு சில விஷயங்கள் தெரியும். ஓட்டு வீட்டில் வளைக்கும் ஓட்டுக்கும் நடுவே குருவிக்கு இடம் இருந்தது. தளம் போட்ட வீட்டில் அது இல்லை. அறுப்பு முடிந்ததும் கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடுவார்கள், குருவி வந்து கொத்தும். களத்தில் போரடித்தபோது சிதறிய நெல் அதற்கு. இப்போது மெஷின் வயலிலேயே அறுத்து, அடித்து, வண்டியில் கொட்டிவிடுகிறது. குஞ்சுக்கு நெல் ஆகாது, புழுவும் பூச்சியும்தான் வேண்டும். பூச்சிக்குத்தான் நாம் மருந்து அடித்துவிடுகிறோமே! இதில் எதையும் ஒரு வில்லன் முகமாக்கி 3டியில் காட்ட முடியாது. பார்க்கப்போனால் அந்த வில்லன் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்று. போன் இல்லாமல் போன உலகத்தைப் படம் சில நிமிடங்களில், பாதி வேடிக்கையாகவே கடந்துவிடுகிறது. அந்த மாதம் வேதாரண்யம் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டால் வேறு சொல்வார். திருப்பூரில் வேலை செய்கிற மகனுக்கு 'உயிரோடு இருக்கோம்' என்று சொல்ல வழியில்லாமல் தாய் தவித்தாள். ஜெனரேட்டர் இருந்த இடத்தில் சார்ஜ் போட வரிசை நின்றது. ஷங்கரிடம் இருந்த நல்ல கதை அதுதான். அதற்குக் கிராஃபிக்ஸ் செலவும் குறைவு.

2024 ஜூலையில் அவரே எடுத்த 'இந்தியன் 2' மூன்று மணி நேரப் படமாக வந்தது. நீளம் என்று கத்தினார்கள். 12 நிமிடம் வெட்டினார்கள். வெட்டின பிறகும் படம் அப்படியேதான் இருந்தது.

'2.0' தொலைக்காட்சியில் அடிக்கடி வருகிறது. இடைவேளைக்குப் பிறகு அந்தக் கிழவர் வருகிற பகுதியைத் தவறவிடாதீர்கள். விளையாட்டரங்கச் சண்டை தொடங்கியதும் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். நீங்கள் கை கழுவி வரும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கும்.