சட்டியில் ஒட்டாதது ரத்தத்தில் ஒட்டியது!

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேடண்ட். காப்புரிமை என்று தமிழில் சொல்கிறார்கள். வக்கீல்களுக்கும் கம்பெனி டைரக்டர்களுக்கும் உரிய சங்கதி, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ஆலையில் நாம் தொடும் பொருளிலும், ஆஸ்பத்திரியில் நாம் கட்டும் பணத்திலும் இது இருக்கிறது.

பேடண்ட் என்றால் என்ன? நிலத்துக்குப் பட்டா இருக்கிறதல்லவா? அதுபோல யோசனைக்குப் போடும் பட்டாதான் பேடண்ட். ஒருவன் ஒரு புதிய பொருளையோ புதிய செய்முறையையோ கண்டுபிடிக்கிறான். சர்க்கார் அவனிடம் சொல்கிறது: "உன் ரகசியத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடு. உலகம் படிக்கட்டும். அதற்குப் பதிலாக இத்தனை வருஷம் வேறு எவனும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடை போடுகிறோம்." இன்று நம் நாட்டில் அந்தத் தடை, மனுப் போட்ட நாளிலிருந்து 20 வருஷம். அமெரிக்காவில் முன்பு பட்டா கிடைத்த நாளிலிருந்து 17 வருஷம்.

பேரம் நியாயமாகத்தான் தோன்றுகிறது. அறிவு வெளியே வருகிறது. கண்டுபிடித்தவனுக்கும் பலன் கிடைக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்தப் பட்டா யார் கைக்குப் போகிறது? எந்த அறிவு வெளியே வருகிறது, எந்த அறிவு பெட்டியில் பூட்டப்படுகிறது? ஒரே ஒரு பொருளின் சரித்திரத்தைச் சொல்கிறோம். கேளுங்கள்.

குழாயை அறுத்தார்கள்

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் டூபாண்ட் என்ற பெரிய ரசாயனக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலை. ராய் பிளங்கெட் என்ற இளம் விஞ்ஞானி, குளிர்சாதனப் பெட்டிக்கு ஏற்ற புதிய வாயு தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவியாளர் ஜாக் ரிபோக். வாயு அடைத்த இரும்புக் குழாயைத் திறந்தார்கள். வாயு வரவில்லை. எடை போட்டார்கள். எடை குறையவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை! குழாயை அறுத்துப் பார்த்தால், மெழுகு போல வழுவழுப்பான வெள்ளைப் பொடி.

அந்தப் பொடியை அமிலம் அரிக்கவில்லை. சூடு எளிதில் உருக்கவில்லை. எதுவும் அதன்மேல் ஒட்டவில்லை. இதுதான் பின்னால் டெஃப்ளான் என்று பெயர் பெற்றது.

1941இல் பேடண்ட் கிடைத்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பிளங்கெட்டின் பெயர். குழாயைத் திறந்து, குறையை முதலில் கண்ட உதவியாளரின் பெயர் இல்லை. சொத்து யாருக்கு? டூபாண்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய கைனட்டிக் கெமிக்கல்ஸ் கம்பெனிக்கு. உழுதவன் பெயர் அடங்கலில் கூட ஏறாமல், நிலம் மிராசுதார் பெயரில் இருப்பது நமக்குப் புதிதா? விஞ்ஞானியும் சம்பளக்காரர்தான், தோழர்களே. அவருக்குப் பேரும் பதக்கமும் கிடைத்தன; பட்டா கம்பெனிக்குப் போயிற்று.

முதல் உபயோகம் சமையலறையில் அல்ல. யுத்தகாலத்தில் அமெரிக்கா அணுகுண்டு செய்தபோது, யுரேனிய வாயு குழாய்களையும் அடைப்பான்களையும் அரித்துத் தின்றது. அதைத் தாங்க இந்தப் பொடி பயன்பட்டது. சமையலறைக்கு வந்தது பிறகு. பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்பவர் அலுமினியச் சட்டியின் மேல் இதைப் பூசும் முறையைக் கண்டுபிடித்து 1954இல் பேடண்ட் எடுத்தார். 1956இல் டெஃபால் கம்பெனி பிறந்தது. இன்று எண்ணெயில்லாமல் தோசை வார்க்கும் கல் என்று நம் கடைத்தெருவில் விற்பது இந்த வம்சம்தான்.

சட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு

டூபாண்டில் பல வருஷம் வேலை பார்த்த வில்பர்ட் கோர் என்பவர் வெளியே வந்து, 1958 ஜனவரி 1இல் தம் வீட்டின் அடித்தளத்திலேயே மனைவியோடு ஒரு கம்பெனி தொடங்கினார். அப்போது கம்ப்யூட்டர் என்பது ஓர் அறை முழுக்க நிற்கும் யந்திரம். அதற்குள்ளே கணக்கற்ற கம்பிகள். கம்பிக்கு உறை வேண்டும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும், சூட்டையும் தாங்க வேண்டும். அவர் மகன் ராபர்ட் ஒரு யோசனை சொன்னார். பல கம்பிகளை வரிசையாக வைத்து, டெஃப்ளானால் மூடி, நாடா போலத் தட்டையாகச் செய்வது. அதற்கு 1963இல் பேடண்ட் கிடைத்தது.

1969இல் அதே ராபர்ட் டெஃப்ளான் கம்பியைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அறுந்தது. பொறுமை இழந்து வெடுக்கென்று இழுத்தார். அறுபடவில்லை! பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். மழைத் தண்ணீர் புகாத, வேர்வை ஆவி மட்டும் வெளியேறும் துணி இதிலிருந்துதான் வந்தது.

இதிலும் ஒரு வேடிக்கை. நியூஸிலாந்தில் கிராப்பர் என்ற யந்திரம் செய்பவர் 1966லேயே இதைப் போல இழுக்கும் யந்திரம் செய்திருந்தார். அதை வாங்கிய கம்பெனி ரகசியமாக வைத்து நாடா உற்பத்தி செய்தது. வழக்கு வந்தபோது, 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? ரகசியமாகச் செய்தது ஊருக்குத் தெரிந்த அறிவாகாது. ஆகவே கோரின் பேடண்டுக்கு அதனால் பங்கமில்லை என்றது. முதலில் செய்தவனை விட முதலில் பதிவு செய்தவன் கை ஓங்கியது.

ரத்தக்குழாய்க்கு 28 வருஷ மனு

நுண்துளையுள்ள இந்த டெஃப்ளானைக் குழாயாக்கி, பழுதான ரத்தக்குழாய்க்குப் பதிலாக மனித உடம்பில் வைத்துத் தைக்கலாம் என்பது 1970களில் தெரிந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிஸிஸ் செய்ய, கையில் இந்தக் குழாயை வைத்து ஊசி குத்த வழி செய்கிறார்கள். பல உயிர்களைக் காத்த பொருள். அதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்தக் குழாய் யாருடைய சொத்து? அரிஸோனாவில் டேவிட் கோல்ட்ஃபார்ப் என்ற டாக்டர் 1974இல் மனுப் போட்டார். கோர் கம்பெனியைச் சேர்ந்தவரும் மனுப் போட்டார். தகராறு இழுத்தது, இழுத்தது. டாக்டருக்குப் பேடண்ட் கிடைத்தது எப்போது தெரியுமா? 2002இல்! 28 வருஷம் கழித்து. பழைய சட்டப்படி அன்றிலிருந்து 17 வருஷம் எண்ணினால் 2019. 1970களிலிருந்து ஆஸ்பத்திரிகளில் உபயோகத்தில் இருந்த ஒரு பொருளுக்கு, 2019 வரை ஒரு சொந்தக்காரர்! பேடண்டை வாங்கிய பார்ட் என்ற கம்பெனி கோரின் மேல் வழக்குத் தொடுத்தது. 2007இல் ஜூரி விதித்த நஷ்டஈடு 18 கோடி 50 லட்சம் டாலருக்கு மேல். நீதிபதி அதை இரட்டிப்பாக்கினார்.

கம்பெனிக்கும் கம்பெனிக்கும் சண்டை, நமக்கென்ன? கம்பெனி கட்டும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. விற்கும் பண்டத்தின் விலையிலிருந்துதான் வரவேண்டும். அந்த விலையைக் கொடுப்பவன் படுக்கையில் கிடக்கும் நோயாளி.

எழுதிய அறிவும் பூட்டிய அறிவும்

இதுவரை சொன்னது பதிவான அறிவு. இனிச் சொல்வது பூட்டப்பட்ட அறிவு. கவனமாகக் கேளுங்கள்.

டெஃப்ளான் செய்யும்போது பொடி தண்ணீரில் கட்டி தட்டாமல் இருக்க, சோப்பு மாதிரி ஒரு ரசாயனம் சேர்த்தார்கள். அதில் எட்டு கார்பன் அணுக்கள். ஆகவே சி-8 என்று பெயர். மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் பார்க்கர்ஸ்பர்க் ஊர்ப்பக்கம் ஓஹையோ நதிக்கரையிலுள்ள டூபாண்ட் ஆலையில் 1951 முதல் இதை உபயோகித்தார்கள். இதை விற்றது 3எம் கம்பெனி. டெஃப்ளான் எப்படி எதிலும் ஒட்டாதோ, அதற்கு நேர்மாறு இது. மனித ரத்தத்தில் சேர்ந்தால் வெளியேற வருஷக்கணக்கில் ஆகும். மண்ணிலும் நீரிலும் தானாக அழிவதில்லை.

1981இல் 3எம் ஒரு தகவல் தந்தது: எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பிறந்த குட்டிகளுக்குக் கண்ணில் குறை. டூபாண்ட் உடனே பெண் தொழிலாளர்களை அந்தப் பகுதியிலிருந்து மாற்றியது. தன் தொழிலாளிப் பெண்களின் பிரசவங்களையும் விசாரித்தது. பிறந்த குழந்தைகளில் இரண்டிற்குக் கண் பகுதியில் குறைபாடு. தாயின் ரத்தத்திலிருந்து இந்த ரசாயனம் கருவிலிருந்த குழந்தைக்கும் போயிருப்பது அப்போதே கம்பெனிக்குத் தெரிந்தது. சர்க்காருக்குச் சொன்னதா? இல்லை. 1984இல் சுற்றுவட்டாரக் குடிநீரை எடுத்துச் சோதித்தது. அதிலும் சி-8. ஊர் ஜனங்களுக்குச் சொன்னதா? இல்லை.

பேதத்தைப் பாருங்கள், தோழர்களே! பேடண்ட் பத்திரத்தில் செய்முறையை எழுதியே தீர வேண்டும். எழுதாவிட்டால் பட்டா கிடைக்காது. அந்தச் செய்முறை தொழிலாளியின் ரத்தத்தில் என்ன சேர்க்கும் என்று எழுத வேண்டிய கட்டாயம் அந்தப் பத்திரத்தில் இல்லை. லாபம் தரும் அறிவு பதிவாகிறது. செலவு வைக்கும் அறிவு பீரோவுக்குள் போகிறது.

வெளியே கொண்டுவந்தது யார்?

ஒரு விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகளில் ஒருவர் அதே ஆலையில் கூலி வேலை செய்து உடல் நலிந்தவர். குடும்ப நிலத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி வாங்கிக் கழிவு கொட்டும் இடமாக்கியது. அங்கிருந்து வந்த ஓடையில் தண்ணீர் குடித்த மாடுகள் செத்தன. நூற்றைம்பதுக்கு மேல் போயிற்று என்று அந்த விவசாயி சொன்னார். செத்த மாட்டைத் தாமே அறுத்துப் பார்த்துப் படம் பிடித்து வைத்தார். உள்ளூரில் ஒருவரும் கேட்கவில்லை. 1998இல் ராபர்ட் பிலாட் என்ற வக்கீலைத் தேடிப் பிடித்தார். வழக்கின் மூலம் கம்பெனியின் பழைய காகிதங்கள் பெட்டி பெட்டியாக வெளிவந்தன.

2004இல் ஊர் ஜனங்களின் வழக்கில் சமரசம் ஏற்பட்டது. ரத்தம் கொடுத்து விவரம் சொல்பவர்களுக்கு 400 டாலர் என்றார்கள். சுமார் 69,000 பேர் வந்தார்கள். இது சாதாரண விஷயமல்ல. ஜனங்கள் தங்கள் உடம்பையே சாட்சியாக்கினார்கள். மூன்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, 2012க்குள் முடிவு சொன்னார்கள்: சிறுநீரகப் புற்று, விதைப்பைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடல் புண், கர்ப்பகால ரத்த அழுத்தம், ரத்தத்தில் அதிகக் கொழுப்பு, ஆக ஆறு வியாதிகளோடு சி-8க்கு அநேகமாகச் சம்பந்தமுண்டு.

மறைத்ததற்காக 2005இல் அமெரிக்க சர்க்காரோடு டூபாண்ட் செய்துகொண்ட உடன்பாடு 1 கோடி 65 லட்சம் டாலர். சுமார் 3,500 வழக்குகளுக்கு 2017இல் 67 கோடி டாலர். 2019இல் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் இந்த ரசாயனத்தை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2023இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதனுக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகையில் வைத்தது. குழாயை அறுத்த நாளிலிருந்து 85 வருஷம்!

சட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. விஷம் முக்கியமாக உற்பத்தியில் இருந்தது. அதன் பாரத்தைச் சுமந்தது உற்பத்தி செய்தவனும் பக்கத்து ஊர்க்காரனும்.

யந்திரம் கப்பலேறியது

இத்தாலியில் திரிஸினோ என்ற ஊரில் மிட்டெனி என்றொரு ஆலை இதே குடும்ப ரசாயனங்களைச் செய்தது. வெனெத்தோ பிரதேசத்தில் சுமார் 3,50,000 பேர் வாழும் பகுதியின் நிலத்தடி நீர் கெட்டது. 2018இல் கம்பெனி திவாலாயிற்று. 2025 ஜூனில் விச்சென்ஸா நீதிமன்றம் நிர்வாகிகள் 11 பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆலையின் யந்திரங்கள்? 2019இல் ஓர் இந்தியக் கம்பெனி அந்த யந்திரங்களையும் பேடண்டுகளையும் சேர்த்து வாங்கியது. யந்திரங்கள் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்துக்கு வந்தன.

யந்திரம் வரட்டும்; தொழில் வேண்டாம் என்று தொழிலாளி சொல்லமாட்டான். ஆனால் யந்திரத்தோடும் பேடண்டோடும் கூட, அந்த ஊரின் அனுபவமும் கப்பலேறி வந்தாக வேண்டும். அதை யாரும் விலை பேசி வாங்கி வருவதில்லை. நாம்தான் கொண்டுவர வேண்டும்.

என்ன செய்யலாம்?

பேடண்ட் சட்டம் ஆண்டவன் எழுதியதல்ல. மனிதன் எழுதியது, மனிதன் மாற்றியது. 1911ஆம் வருஷத்து வெள்ளையர் சட்டத்தை ஆராய்ந்து, நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டி 1970இல் வந்த சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் ரசாயனத்துக்கும் பொருளின் மேல் பட்டா கிடையாது, செய்முறைக்கு மட்டுமே என்றது. அதனால்தான் நம் நாட்டில் மலிவு மருந்து பெருகியது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005இல் பொருள் மேலும் பட்டா திரும்பி வந்தது. ஆனாலும் 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுக்கப்பட்டபோது, மாதம் 2,80,428 ரூபாய் விலையிருந்த மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க உத்தரவாயிற்று. சட்டத்தில் கதவு இருக்கிறது. தட்ட ஆள் வேண்டும்.

ஆலைக்குள்ளும் அப்படியே. 1984இல் போபாலில் விஷவாயுவுக்கு ஆயிரக்கணக்கானோர் பலியான பிறகுதான், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான பொருள் பற்றித் தகவல் கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுதினார்கள். சட்டத்தின் பெயர் மாறலாம், எண் மாறலாம். நம் கேள்வி மாறக்கூடாது.

பீப்பாயின் மேல் எழுதியிருக்கும் பெயர் என்ன என்று கேளுங்கள். வெறும் வியாபாரப் பெயர் போதாது, ரசாயனத்தின் பெயர் வேண்டும். வருஷா வருஷம் ரத்தம் எடுத்தால் முடிவின் நகல் நம் கையில் வரவேண்டும். பெண் தொழிலாளர்களை ஒரு பகுதியிலிருந்து திடீரென்று மாற்றினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பார்க்கர்ஸ்பர்க்கில் ஆண்கள் அதே இடத்தில் தொடர்ந்து நின்றார்கள் என்பதை மறக்காதீர்கள். ஓடையில் நுரை கண்டால், மாடு நோய்ப்பட்டால், வயலில் வேலை செய்யும் தோழர் ஆலைத் தோழரிடம் வந்து சொல்லட்டும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த விவசாயி எழுதிப் படம் பிடித்து வைக்காமல் இருந்தால், கம்பெனியின் பெட்டி இன்னும் பூட்டியே கிடந்திருக்கும்.

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. குழாயை அறுத்த கை உழைப்பாளியின் கை. நாடாக் கம்பி சுற்றியதும், ரத்தக்குழாய் செய்ததும் உழைப்பாளியின் கை. அந்த அறிவு முழுவதும், லாபக் கணக்கும் சரி, ரத்தக் கணக்கும் சரி, உழைப்பவன் முன் திறந்து வைக்கப்பட வேண்டும். பாதி அறிவைப் பதிவு செய்து, பாதி அறிவைப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை ஒழிக்கும்வரை, ஆலையும் வயலும் சேர்ந்தே நிற்க வேண்டும், தோழர்களே!