குடிக்காதே என்பது பாதிப் பாடம்



தமிழ்ச் சங்க ஆண்டு விழா என்றால் தமிழின் பெருமை பேசுவார்கள், பட்டிமன்றம் நடக்கும், குழந்தைகள் கும்மியடிப்பார்கள். இங்கே மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அதுவும் விருந்துக்கு முன்னால். இந்தத் துணிச்சலுக்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

நான் மருத்துவன் அல்ல. பெங்களூர் சிவாஜிநகரில் எங்கள் பேட்டையில் யாருக்காவது உடம்போ மனசோ சரியில்லை என்றால் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்கிற ஆள். அந்த வரிசையில் நின்று கற்றதைத்தான் சொல்லப் போகிறேன்.

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைத் தண்டு அமைத்தபோது, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பட்டாளத்தோடு பிழைக்க வந்த தமிழர்கள் குடியேறிய பகுதி எங்களுடையது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் தமிழும் உருதும் கன்னடமும் கலந்துதான் பேரம் நடக்கும். செப்டம்பர் 8 அன்று தூய மரியன்னை பேராலயத் தேர் வரும்போது மூன்று மதத்தாரும் தெருவில் நிற்பார்கள். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களுக்கு உழைப்பு இருக்கும், காசு கொஞ்சம் சேரும், மனசு விட்டுப் பேச ஆள் இருக்காது. மாநிலம் தாண்டிய எங்களுக்கும் கடல் தாண்டிய உங்களுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

எங்கள் பேட்டையிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறது நிமான்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனநோயாளிகளை அடைத்து வைக்கும் விடுதியாகத் தொடங்கியது. 1925இல் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1954இல் அதையொட்டி அகில இந்திய மனநலக் கல்வி நிறுவனம் வந்தது. 1974இல் இரண்டும் இணைந்து நிமான்ஸ் ஆனது. போதை மீட்புக்கென்று அங்கே தனி மையமே இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வருகிற தமிழர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

ஆனால் ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவாஜிநகர்க்காரர் அந்த வாசலுக்கு வர எத்தனையோ வருடம் ஆகிறது. “நிமான்ஸ் கேஸ்” என்பது எங்கள் ஊரில் வசைச்சொல். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பார்கள், இங்கே நிமான்ஸ் என்பார்கள்.

நிமான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. குடிநோய் உள்ளவர்களில் 100க்கு 86 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பயன்பாட்டு ஆய்வும் அதையே சொன்னது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை எட்டியிருக்கிறது.

குடி கெடுதல் என்று தெரியாதவர் யார்? பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறது. சினிமாவில் கிளாஸைத் தூக்கினால் கீழே எழுத்து ஓடுகிறது. “குடிக்காதே” என்பது பாதிப் பாடம். “குடிக்கிறவன் வீட்டில் யார், எப்போது, என்ன செய்ய வேண்டும்” என்பது மீதிப் பாடம். அதை நாம் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

ஒரு வீட்டைக் காட்டுகிறேன். எங்கள் சந்துகளில் பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு வீடாகச் சொல்கிறேன். அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நாற்பது வயதுக்குள்தான். காலையில் எழுந்ததும் கை நடுங்கும், டீ கிளாஸைப் பிடித்தால் டீ பாதி சட்டையில். கடை திறந்ததும் ஒரு நைன்டி, அதாவது 90 மில்லி பாக்கெட். அது உள்ளே போனால்தான் கை நிற்கும், மூட்டை தோளில் ஏறும். ஊர் அவரைக் குடிகாரன் என்கிறது. அந்த நடுக்கம் ஒரு நோயின் அறிகுறி என்று அவருக்கும் தெரியாது, அவர் மனைவிக்கும் தெரியாது.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். அவர் சத்தியம் செய்து அன்றைக்கே நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், செத்துப்போன அப்பாவோடு பேசினார். “சாமி குத்தம்” என்றது அக்கம்பக்கம். “பேய்” என்றார் மாமியார். “அண்ணே, எம் புருஷனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சாண்ணே?” என்று கேட்டபோது அந்த அம்மா முகத்தில் இருந்த பயத்தை என்னால் விவரிக்க முடியாது.

பைத்தியம் அல்ல. நெடுங்காலம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் சில நாள் மருந்தும், தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். கார்த்திகையில் மாலை போடுவதும் கயிறு கட்டுவதும் நல்ல சங்கற்பம்தான். யாரும் விட வேண்டாம். காலையில் கை நடுங்குகிறவர் மட்டும் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு வரியைக் குருசாமிகளும் பங்குத் தந்தைகளும் ஹஜ்ரத்துகளும் சொல்லிவிட்டால் எத்தனையோ குடும்பம் பிழைக்கும்.

அடுத்து அந்த அம்மா, “அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கினார். தாய்மார்களே, இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனே சொல்ல மாட்டான்.

அந்த வீட்டில் நோயாளி அவர் ஒருவர் மட்டும் அல்ல. அந்த அம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் போய்ப் பல வருடம். பெரிய பையன் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லை. குடியைப் பற்றிப் பேசுகிற நாம் இவர்களை விசாரிப்பதே இல்லை.

வழி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்ல. அவர்களுக்கு வேறு வழி சொல்ல ஆள் இல்லை.

விஷச் சாராயமும் அப்படித்தான். 1981இல் பெங்களூரில் 300க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2008இல் பெங்களூரிலும் ஓசூர்ப் பக்கத்திலுமாக 150க்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். ஒவ்வொரு முறையும் ரெய்டு நடந்தது, அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் அது மெத்தனால் விஷமாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

சரி, கல்வி என்று எதைச் சொல்லித் தருவது? பயமுறுத்துவது அவ்வளவாகப் பலிப்பதில்லை. அமெரிக்காவில் 1983இல் ‘டேர்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். போலீஸ்காரர்கள் பள்ளிக்கு வந்து போதையின் கேடுகளைச் சொல்வார்கள். நாடெங்கும் பரவியது. பல வருடம் கழித்து ஆராய்ந்தபோது, பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. பெற்றோர் தெருத்தெருவாகக் கூடிப் பேசி, பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று ஒன்றாக முடிவெடுத்தார்கள். பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள். முதல் குடி எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்குப் பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பு குறைகிறது.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. கோவாவில் ‘சங்கத்’ அமைப்பு, மருத்துவப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுக்கு மீறிக் குடிக்கிறவர்களோடு சில தடவை உட்கார்ந்து பேச வைத்தது. பலர் குடியை விட்டார்கள். 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் மறுவாழ்வு மையம் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அவருடைய குழு கிராமத்துக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. ஊர் முன்னாலேயே சிகிச்சை நடந்ததால் வெட்கம் குறைந்தது.

தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் ‘சிநேகா’வைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார் ஒன்றைக் கவனித்தார். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகிறது என்ற நினைப்புதான் உயிரைக் குடிக்கிறது. தோற்றவர்கள் உடனே மறுதேர்வு எழுதலாம் என்று தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது, அதில் அவருடைய முயற்சியும் உண்டு. “தைரியமாயிரு” என்று சொல்வதோடு நிற்காமல் உடனே ஒரு பரீட்சை வைத்தார்கள். வழி சொல்வது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

பிள்ளை சோர்ந்திருந்தால் “சாகணும்னு தோணுதா கண்ணு?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மனசில் அடைத்து வைத்திருப்பதைக் கொட்ட அது ஒரு வாசல்.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சங்க விழாக்களில் மேடையில் திருவள்ளுவர் படம் இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் டிக்கி திறந்திருக்கும். அங்கே ஐஸ் பெட்டி இருக்கும், நான்கு நண்பர்கள் இருப்பார்கள், பதினாலு வயதுப் பையன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். மேடையில் நான் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்தக் காட்சி அவனுக்குச் சீக்கிரம் மனப்பாடம் ஆகும்.

சங்கத்திடம் நான்கு கேட்கிறேன். ஒன்று, சங்க விழா என்றால் வாகன நிறுத்துமிடம் வரைக்கும் விழாதான் என்று முடிவெடுங்கள். இரண்டு, உறுப்பினர்களில் பத்துப் பேருக்காவது மனநல முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். 2000இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் பயிற்சி அது. புதிதாக வந்த மாணவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து நான்கு சுவருக்குள் அடைபட்ட அப்பா அம்மா, விசாவுக்காகக் கணவரின் அடியைச் சகிக்கிற பெண், இவர்களெல்லாம் முதலில் தமிழில் பேசத்தான் ஆள் தேடுவார்கள். மூன்று, நீங்கள் வாழும் நாட்டின் உதவி எண்ணைச் சங்க நாட்காட்டியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அச்சடியுங்கள். நான்கு, ஊருக்குப் பணம் அனுப்பும்போது ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்: 14416. இது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். இந்தியாவில் எங்கிருந்தும், எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

தம்பி குடிக்கிறான் என்று ஊருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தியவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். அனுப்பி அனுப்பி அலுத்தவர்களும் இருப்பீர்கள். திட்டி எத்தனை தடவை பேசியிருப்பீர்களோ தெரியாது. இந்தத் தடவை, “உனக்கு உடம்புக்கு ஒரு நோய் வந்திருக்குடா, மருந்து இருக்கு, ஆஸ்பத்திரிக்கு அண்ணியோட போ, நான் போன்லயே இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

விருந்து முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்த ஒரு போனைப் போடுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.