பழைய கணினிக்குப் புதிய பணி

(கண்ணமங்கலத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேச வருவோர் பெரும்பாலும் கல்வியின் பெருமையைப் பேசுவர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பும் அத்தகையதே. ஆயினும் விழாக்குழுவினரின் இசைவு பெற்று, அதனினும் சிறியதும், இன்றே கைவைக்க வேண்டியதுமான ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகின்றோம். நம் மாலைப் படிப்பு மையத்தின் அலமாரியிலும், நம் தெருக்களின் வீடுகளில் பரண்மேலும் கிடக்கின்ற பழைய மடிக்கணினிகளே அப்பொருள்.

அவை எங்கிருந்து வந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு பயின்றோர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் அவை வழங்கப்பட்டன. சவ்வாதுமலை அடிவாரத்தின் கூலிக்குடும்பங்கள் பலவற்றில் அதற்கு முன் கணினி என்ற பொருளே நுழைந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக ஏட்டைத் தொடவும் விடாது தடுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள் அப்பெட்டி வந்தது சிறு நிகழ்ச்சியன்று. அதனை இலவசம் என்று எள்ளியோரும் உண்டு. அவர்களுக்கு மறுமொழி கூற இது நேரமன்று.

அம்மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இன்றும் உடையவில்லை. திரை ஒளிர்கிறது, விசைகள் இயங்குகின்றன. மின்கலம் மட்டும் செத்துப்போய், கம்பி செருகினால்தான் உயிர் பெறுகின்றன. எனினும் 'இது உதவாது' என்று அவற்றை ஒதுக்கிவிட்டோம். எடைக்குப் போட்ட வீடுகளும் உண்டு. ஏன் உதவாது என்று கேட்டால், 'இணையப் பக்கம் திறக்கவில்லை', 'புதிய மென்பொருள் ஏற மறுக்கிறது' என்பனவே விடை.

இங்கு இயங்குதளம் என்பது யாதென்று சற்று விளக்குதல் வேண்டும். கணினியில் நாம் பயன்படுத்தும் எந்த மென்பொருளும் தானே நேராகச் சென்று வன்தட்டில் எழுதுவதில்லை. திரையில் வரைவதும் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பது போல, 'இக்கோப்பைத் திறந்து கொடு', 'இவ்வெழுத்தைத் திரையில் காட்டு' என்று இயங்குதளத்திடம் மனுச் செய்கிறது. ஒவ்வொரு மனுவுக்கும் உரிய படிவம் உண்டு. 2023 இல் எழுதப்பட்ட மென்பொருள், 2009 இல் வந்த விண்டோஸ் 7 அறியாத படிவம் ஒன்றில் மனுக் கொடுக்குமாயின், 'இப்படிவம் எம்மிடம் இல்லை' என்று அலுவலகம் கைவிரித்து விடுகிறது. அவ்வளவே. இயந்திரத்தில் பழுது ஏதும் இல்லை.

நம் ஊர் இருப்புப்பாதையை எண்ணிப் பாருங்கள். காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதை நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்தது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1000 மில்லிமீட்டர். பின்னர் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ஆயிற்று. பழைய பெட்டி நன்றாகத்தான் இருந்தது; புதிய பாதையில் ஏற இயலவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இருப்புப்பாதையின் அகலத்தை நாம் மாற்ற முடியாது. கணினிக்குள் இருக்கும் பாதையை நம் பிள்ளைகளே மாற்றலாம்.

காலக்கெடுக்களைச் சொல்லிவிடுகின்றோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7க்கு 2020 சனவரி 14 உடனும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. குரோம் உலாவி 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. அதில் இயங்கும் இறுதிப் பதிப்பு 109. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 உடன் பொதுவான ஆதரவு முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. செயலியும் அண்மைக்காலத்ததாக இருத்தல் வேண்டும். ஆகவே இத்தொல்லை 2011 ஆம் ஆண்டுப் பெட்டிகளோடு முடிவதன்று. பின்னர் வந்தவற்றுக்கும் இதுவே கதி.

இதில் நம்மவர்க்கு என்ன இழப்பு என்று கேட்பீர்கள். கல்வி உதவித்தொகைக்கும், கல்லூரிச் சேர்க்கைக்கும், தேர்வாணையத் தேர்வுக்கும் இன்று இணையவழியேதான் விண்ணப்பம். நம் பகுதி மாணவி ஒருத்தி. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதற்பெண். வீட்டில் அண்ணன் பெற்ற மடிக்கணினி இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இது பாதுகாப்பற்றது' என்று உலாவி மறித்தது. பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி, இறுதி நாளன்று தந்தையோடு பேருந்தேறி வேலூர் சென்று ஒரு கணினி மையத்தில் வரிசையில் நின்றாள். முறை வருவதற்குள் நேரம் முடிந்தது. அவ்வாண்டு உதவித்தொகை அவளுக்கு இல்லை. தந்தைக்கு அன்றைய கூலியும் இல்லை.

பின்னர் அப்பெட்டியைப் படிப்பு மையத்தில் திறந்து பார்த்தோம். மூலையில் இருந்த கடிகாரம் 2012 என்று காட்டிற்று. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் நாளையும் நேரத்தையும் காத்து நிற்பது அதுவே. அது தீர்ந்துவிட்டால் கணினி தன் பிறந்த ஆண்டுக்கே திரும்பிவிடும். இணையத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் 'இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். 2012 இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் யாவும் இன்னும் பிறவாத சான்றிதழ்கள். ஆதலின் மறுக்கிறது. நாளைத் திருத்தினோம், பக்கம் திறந்தது. சில பத்து ரூபாய் மின்கலம். பத்து நிமிட வேலை. இதனைத் தெருவில் ஒருவர் அறிந்திருந்தால் ஓராண்டு உதவித்தொகை போயிராது.

நாள் சரியாக இருந்தும் மறுக்கும் பெட்டிகள் உண்டு. சான்றிதழுக்குச் சான்றளிக்கும் மூலச் சான்றிதழ்கள் இயங்குதளத்துக்குள் வைக்கப்பட்டுள்ளன, அவையும் காலாவதியாகும். 2021 செப்டம்பர் 30 அன்று அத்தகைய மூலச் சான்றிதழ் ஒன்று முடிவுற்றபோது, புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளும் கைப்பேசிகளும் பல தளங்களைத் திறக்க இயலாமல் நின்றன. இதற்கு வழி, தன் சான்றிதழ்களைத் தானே சுமந்து வரும் உலாவியைப் பயன்படுத்துதல். பயர்பாக்ஸ் அத்தகையது. 2023 இல் வந்த அதன் 115 ஆம் நீண்டகாலப் பதிப்புக்குப் பழைய விண்டோஸ் வைத்திருப்போரை முன்னிட்டு, 2024 செப்டம்பர் என்றிருந்த கெடுவை மோசில்லா நிறுவனத்தார் மீண்டும் மீண்டும் நீட்டித்தனர்.

உலகில் நம்மைப் போன்று பழையதை விட மனமில்லாதோர் பலர் உளர். விண்டோஸ் 98இல் புதிய மென்பொருள்களை ஓட்டுவதற்குக் 'கெர்னல்எக்ஸ்' என்ற ஒன்றை ஆர்வலர்கள் எழுதினர். விண்டோஸ் 7க்கு 'விஎக்ஸ்கெக்ஸ்' உண்டு. முன்சொன்ன உவமையில், அலுவலகத்தில் இல்லாத படிவங்களை வெளியிலிருந்து அச்சிட்டு வைக்கும் பணியே இவை செய்வது. எக்ஸ்பியிலும் 7லும் இயங்குமாறு குரோமின் மூலநிரலிலிருந்து 'சூப்பர்மியம்' என்ற உலாவியை ஆக்கியோரும் உளர். இவர்தம் உழைப்பைப் போற்றுகின்றோம். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு இவ்வழியைப் பரிந்துரையோம். படிவம் புதிதாயினும் அலுவலகத்தின் சுவர் பழைய சுவரே. அதன் ஓட்டைகளை அடைப்பார் எவரும் இலர். வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் அவ்வழியே செல்லலாகாது.

பாடம் படிப்பதற்கோ பழைய விண்டோஸ் போதும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் மொழி பாடமாக உள்ளது. 3.9 ஆம் பதிப்பு முதல் பைத்தான் விண்டோஸ் 7இல் ஏறாது. அதனைக் கண்டு மாணவர் மனம் தளர்ந்து விடுகின்றனர். 3.8 ஆம் பதிப்பு ஏறும். பள்ளிப் பயிற்சிக்கு அதுவே போதும். பதினோராம் வகுப்பின் சி++ நிரல்களுக்கும் புதுப்பெட்டி தேவையில்லை. இணையத் தொடர்பை அறுத்துவிட்டு, பாடநூல் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் அப்பெட்டி ஒரு நல்ல மேசையும் நூலகமும் ஆகும்.

இணையத்திற்கு வேறு வழி வேண்டும். அவ்வழி அம்மடிக்கணினிகளிலேயே முதலிலிருந்து இருந்தது என்பதுதான் வியப்பு. அரசு வழங்கிய அப்பெட்டிகளில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளமும் ஏற்றப்பட்டிருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. எக்ஸ்பியின் காலம் முடிந்தபோது, 2014 இல், தமிழ்நாடு அரசு தன் துறைகளையும் அதற்கு மாறுமாறு அறிவுறுத்திற்று. ஆனால் நம் வீடுகளில் அதனைத் திறந்து பார்த்தோர் சிலரே. இடம் அடைக்கிறது என்று கடைக்காரர் அழித்துக் கொடுத்த பெட்டிகளும் உண்டு. கற்பிக்க ஆளில்லாமல் கொடுக்கப்பட்ட கருவி அது; நூலகத்தைக் கட்டிச் சாவியைக் கொடாதது போலாயிற்று. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வி முழுவதையும் லினக்ஸுக்கு மாற்றி, ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தனர். அங்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதிலேயே பயில்கின்றனர். நம் பதினோராம் வகுப்புப் பாடநூலிலும் உபுண்டு லினக்ஸ் பாடமாக உள்ளது. தேர்வுக்கு மனப்பாடம் செய்கின்றனர், கையால் தொடுவதில்லை.

லினக்ஸில் பழைய பெட்டிக்கும் இன்றைய உலாவி கிடைக்கும். நினைவகம் 2 ஜி.பி. மட்டும் உள்ள பெட்டியில் எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்கியூட்டி போன்ற இலேசான திரைமுகப்பைத் தேர்தல் வேண்டும். 64-பிட் செயலி உள்ளதா என்பதனை முதலில் பார்க்க வேண்டும். 32-பிட் பெட்டிக்கு 2023 இல் வந்த டெபியன் 12 உதவும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அதற்கான நிறுவி நீக்கப்பட்டுவிட்டது. பணம் செலவிட இயலுமாயின், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் நினைவகத்தைக் கூட்டுவதும் நலம். வேறெதற்கும் செலவு செய்ய வேண்டா.

இனி வேறொன்று, இம்மலரைத் தொகுக்கும்போது நேர்ந்தது. சங்கத்தின் தொடக்க ஆண்டறிக்கைகள் பேஜ்மேக்கரில் அச்சுக்கோக்கப்பட்டவை. அக்கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வருகின்றன. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, வானவில் என ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. 1999 இல் தமிழக அரசு தாம், தாப் என்ற குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதியவையெல்லாம் பழைய எழுத்துருவோடு கட்டுண்டு கிடக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் தாள்கள் எஞ்சியிருந்தமையால், 1999 இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து நூலாக்க முடிந்தது. நூறாண்டுத் தாளைப் படிக்க முடிகிறது. இருபத்தைந்தாண்டுக் கோப்பைப் படிக்க முடியவில்லை! நம் படிப்பு மையத்தின் முதல் மாணவர் பட்டியல் அக்கோப்புகளில்தான் உள்ளது.

இதற்குப் பழைய இயங்குதளமே துணை. அலமாரியிலிருந்த எக்ஸ்பி பெட்டி ஒன்றில் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் இருந்தன. அதில் திறந்து அச்செடுத்து, பின் எழுத்துரு மாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றி வருகின்றோம். அப்பெட்டியும் ஒருநாள் சாகும். ஆதலின் அதன் வன்தட்டை அப்படியே படியெடுத்து, புதிய கணினிக்குள் ஒரு மாயக்கணினியாக, இணையத் தொடர்பின்றி, ஓடச் செய்யும் பணியை முன்னாள் மாணவர் இருவர் மேற்கொண்டுள்ளனர். பட்டியலில் சில பெயர்களில் 'ற'கரமும் 'ர'கரமும் மயங்கி வந்துள்ளன. அவ்வாண்டுகளில் பயின்றோர் அவையில் இருப்பின் தத்தம் பெயரைச் சரிபார்த்துக் கொடுத்தல் வேண்டும்.

கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. புதியவை வரட்டும். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் பழையது இருக்கட்டும்.

வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குப் படிப்பு மையம் இப்பணிக்காகத் திறந்திருக்கும். பெட்டியைக் கொண்டுவருவோர் மின்னேற்றியையும் மறவாது கொண்டுவருக. அது இல்லாமல் பாதிப் பெட்டிகள் விழிப்பதில்லை. உள்ளே உள்ள புகைப்படங்கள், சான்றிதழ்ப் படிகள் யாவற்றையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்த பின்னரே கைவைப்போம். விண்டோஸை அழிக்க மாட்டோம். அதன் பக்கத்தில் லினக்ஸுக்கு இடம் ஒதுக்குவோம். சாதிச் சான்றிதழ் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே உள்ளது என்போர் முதல் வரிசையில் வருக. நாணய மின்கலம் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்துள்ளோம்.