அப்சோபரும் நம் உடல் எடையும்



தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி இடுப்பு வலித்தால், பழியைப் பாதையின் மீது போட்டுவிடுகிறோம். பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள அப்சோபர்களையும் சற்றுக் கவனிப்போம்.

அப்சோபரின் சுருள்வில் நம் எடையைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் எண்ணெய் அதன் துள்ளலை அடக்குகிறது. 50 கிலோ எடையுள்ளவர் தனியே போவதும், மனைவியைப் பின்னால் ஏற்றிப் போவதும் வில்லுக்கு ஒன்றல்ல. பாரம் மிகுந்தால் வண்டியின் பின்புறம் தாழும்; முன்விளக்கு மேல்நோக்கும். விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகும்போது எதிரேயுள்ள குழி தெரியாது. எதிரில் வருபவரின் கண்ணும் கூசும். முன்சக்கரத்தின் பிடிப்பும் குறையும்.

பல வண்டிகளில் வில்லின் அடியில் படிபடியாக வெட்டிய வளையம் ஒன்று உண்டு. கொக்கிச் சாவியால் அதைத் திருப்பலாம். பாரத்திற்கு மேல்படி; தனிப் பயணத்திற்குக் கீழ்ப்படி. இருபுறமும் ஒரே படியில் இருக்க வேண்டும். வளையம் இல்லாத வண்டியென்றால் பாரத்தைக் குறைப்பதே வழி.

எந்தப் படி சரி? பின்சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து மட்காட்டில் இட்ட குறி வரை அளப்போம். பிறகு நாம் ஏறி அமர, இன்னொருவர் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் முழு அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். அசைவு 75 மில்லிமீட்டரானால், தாழ்வு 25.

எண்ணெய் கசிந்தாலோ, பள்ளம் தாண்டியும் வண்டி ஓயாமல் துள்ளினாலோ வளையம் உதவாது. அப்சோபரையே மாற்ற வேண்டும்.

கால் மணி நேர வேலைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்ப்போம்.